பச்சை மூடிப் பாட்டில்

"அய்யோ... அதெல்லாம் கன்னிப் பொண்ணுங்கய்யா!"

சிவசங்கரி கத்திய கத்தலில், பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு வழியாகப் பொள்ளாச்சி போகும் அந்தப் பேருந்தே ஒரு கணம் மூச்சடங்கிப் போனது. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த நடத்துநர் திரும்பிப் பார்த்தார். முன் இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார்.

"எந்தப் பொண்ணு கண்ணு? யாரு என்ன பண்ணுனா?"

கூட்டத்தின் பார்வை மொத்தமும் சன்னலோரத்தில் இருந்த இளைஞன்மேல் விழுந்தது. நெடுநெடுவென்று வளர்ந்தவன். வெயிலில் கறுத்த முகம். மடியில் அவளுடைய தெர்மாக்கோல் பெட்டி.

"நா... நானொண்ணும் பண்ணலீங்க!" என்றான் அவன் பரிதாபமாக.

நடந்தது இவ்வளவுதான். சொந்த ஊரான சூரியநெல்லிக்குப் போகிற அவசரத்தில், நிற்கவே இடமில்லாத பேருந்தில் ஏறிவிட்டாள் சிவசங்கரி. அவள் பெட்டியோடு தள்ளாடுவதைப் பார்த்து, "மடியில வச்சுக்கறனுங்க, குடுங்க" என்றான் அவன். கொடுத்தாள். புதுநகரம் தாண்டி ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் போட்ட பிரேக்கில், பெட்டிக்குள் ஒரு கண்ணாடிப் பாட்டில் இன்னொன்றோடு மோதி விரிசல் விட்டது. பாய்ந்து அதை எடுத்தாள். விரிசலைக் கட்டைவிரலால் பொத்தினாள்.

"பெட்டியில பச்சை மூடி போட்டுக் காலிப் பாட்டில் ஒண்ணு இருக்கும். எடுங்க... சீக்கிரம் எடுங்க!"

வெயில் படக்கூடாதென்று எல்லாப் பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். மூடியின் நிறம் ஒன்றுதான் அடையாளம். அவன் எடுத்து நீட்டினான். விரிசலிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கி, பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து, வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்து, தட்டினாள். உள்ளே இருந்த பெண் ஈக்கள் எல்லாம் புதுப் பாட்டிலுக்குள் இறங்கின. அப்பாடா என்று மூடியைத் திருகும்போதுதான் பார்த்தாள்.

சிவப்பு மூடி.

அது காலிப் பாட்டில் இல்லை. ஆண் ஈக்கள் இருந்த பாட்டில்.

"பச்சைன்னு தமிழ்லதானய்யா சொன்னேன்?"

"ஆமாங்க..."

"பொறவு ஏன்யா சிவப்பைக் குடுத்தீக?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். பாட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்... ஏதோ சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "கவனிக்கலீங்க. மன்னிச்சுக்கோங்க" என்றான்.

"கூடப்பொறந்த பயலுகளோட கொண்டு போய்க் கலந்துவிட்டுட்டு, கவனிக்கலையாம்ல!"

கூடைக்காரம்மாள் எட்டிப் பாட்டிலைப் பார்த்தார். "அட, ஈயா! ஈக்கா கண்ணு இத்தனை ரகளை?" என்று உட்கார்ந்துவிட்டார். பேருந்து முழுவதும் சிரித்தது. சிவசங்கரிக்கு அழுகையே வந்துவிட்டது.

சும்மா ஈ இல்லை அவை. பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் எம்.எஸ்ஸி. கடைசி ஆண்டு படிக்கும் சிவசங்கரி, போன மழைக்காலத்தில் தான் வளர்த்த பழ ஈக்களில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மற்ற ஈக்களுக்கெல்லாம் கண் ரத்தச் சிவப்பு. அந்த ஒற்றை ஆண் ஈக்கு மட்டும் காப்பித்தூள் நிறத்தில் பழுப்புக் கண். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, யாருக்கும் தெரியாது. அந்த ஒன்றை வைத்துக் குடும்பம் பெருக்கி, பழுப்புக் கண் பெண்களையும் உண்டாக்கிவிட்டாள். அந்த நிறம் தாயிடமிருந்து மகனுக்குப் போகிறதா, இல்லையா? அதற்குப் பழுப்புக் கண் பெண்ணைச் சிவப்புக் கண் ஆணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண் கன்னியாக இருக்க வேண்டும். ஒரு முறை ஆணோடு சேர்ந்துவிட்டால், அதன் வித்தைச் சேமித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் முட்டையிடும். பிறகு எந்தக் குஞ்சுக்கு யார் அப்பன் என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது. அதற்காகக் கூட்டுப்புழுவின் கூட்டை உடைத்து வெளியே வரும் பெண்களை, விடியலில் எழுந்து எழுந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருந்தாள். ஆய்வகத்தின் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. பங்குனி வெயிலில் ஈக்கள் மலடாகிவிடும். குளிர்ந்த மலையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டு போனால் பிழைக்கும் என்றுதான் கிளம்பினாள்.

இப்போது பழுப்புப் பெண்கள், பழுப்பு அண்ணன் தம்பிகளோடு ஒரே பாட்டிலில். இனி சூரியநெல்லிக்குப் போய் என்ன செய்ய? மறுபடி பொறுக்கியெடுக்க அங்கே நுண்ணோக்கி ஏது?

கொல்லங்கோட்டில் இறங்கி, பாலக்காட்டுக்குத் திரும்பும் பேருந்துக்காக நின்றாள். பின்னாலேயே அவனும் இறங்கினான்.

"ஏனுங்க..."

"இன்னும் என்ன?"

"என்ர பேரு கோகுல்நாத்துங்க. முதலமடைல எங்களுக்கு மாந்தோப்பு இருக்குது. குடோன் பக்கத்துல ஏசி ரூம் ஒண்ணு சும்மாதான் கிடக்குதுங்க. இதுகளுக்குக் குளிர்ச்சி வேணும்னு பஸ்ல அழுதுட்டே சொன்னீங்களே... அங்க வச்சுக்கலாமுங்க."

"ஒண்ணும் வேணாம். நீங்க பண்ணுன உபகாரமே போதும்."

அவன் விடவில்லை. எழுதக் காகிதம் இல்லாமல், பாட்டிலைச் சுற்றியிருந்த செய்தித்தாளிலேயே கைபேசி எண்ணை எழுதிவிட்டான். கிழித்து எறியலாமென்று பார்த்தாள்... கிழித்தால் ஈக்கு வெயில் படும். எரிச்சலோடு எரிச்சலாக அப்படியே பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

துறைப் பேராசிரியை ஷீனா டீச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், பிறகு கவலைப்பட்டார். "சிவசங்கரீ, குளிர்பெட்டி சரியாகறதுக்கு இனியும் ஒரு மாசம் பிடிக்கும். அதுவரை இந்தச் சூட்டில..." முடிக்காமல் விசிறிக்கொண்டார். ஆய்வகத்தில் நுழைந்தாலே உடம்பு தீய்ந்தது. இரண்டு பாட்டிலில் புழுக்கள் ஏற்கெனவே துவண்டு கிடந்தன.

வேறு வழி? செய்தித்தாள் எண்ணை அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். "நீங்கதானுங்களா?"

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"நாலு நாளா எந்த நம்பர் வந்தாலும் இப்படித்தானுங்க கேக்கறேன்..."

என்ன மனுசன் இவன்... என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் போனை வைத்த பிறகு, எதற்கென்றே தெரியாமல் ஒரு சிரிப்பு வந்தது. உடனே அதன்மேலும் எரிச்சல் வந்தது.

முதலமடை குடோனில் முதல் நாளே பெரிய ரகளை. கோகுல்நாத்தின் அப்பா ஆறுச்சாமி, மீசையை முறுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

"ஏங்கண்ணு, ஈ விழுந்துதுன்னு போன வருசம் ஒரு லோடு மாங்கா அப்படியே திரும்பி வந்துது எனக்கு. ஈயைக் கொல்ல மருந்தடிக்கிற எடத்துல ஈக்கு ஏசி போடோணுமா?"

"ஐயா, உங்க மாங்காயைத் துளைக்கிறது வேற ஈ. பெருசு. இது சின்னது. அழுகுன பழத்துலதான் மொய்க்கும். நல்ல காயைத் தொடாது."

"ரெண்டும் ஈதான?"

"யானையும் எலியும் நாலு கால்தானே ஐயா?"

ஆறுச்சாமி மீசைக்குள் எதையோ அடக்கினார். சிரிப்பா, கோபமா தெரியவில்லை. உள்ளிருந்து பொன்னாத்தாள் வந்து, "பொட்டப் புள்ள வெயில்ல நிக்குது, வழியை விடுங்க" என்று கணவரை நகர்த்திவிட்டார். "நீ வா சாமி. மோர் குடி."

அன்றிலிருந்து தினமும் காலையில் விடுதியிலிருந்து பேருந்து பிடித்து வந்தாள். ஷீனா டீச்சர் துறையின் நுண்ணோக்கி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். ரவையும் வெல்லமும் ஈஸ்ட்டும் கடல்பாசியும் சேர்த்து ஈக்களுக்குக் கஞ்சி காய்ச்சுவது கோகுல்நாத்தின் வேலையாகிப் போனது. முதல் முறை அடிப்பிடிக்க விட்டான். இரண்டாம் முறை தண்ணீர் கூடிப்போய்ப் புழுவெல்லாம் நீச்சலடித்தது. மூன்றாம் முறை அருமையாக வந்தது.

"ருசி பாத்தீகளா?"

"பாத்தனுங்க. வெல்லம் கொஞ்சம் தூக்கலா இருக்குது."

"நெசமாவே தின்னீகளா? ஈக்குப் போடுறதைய்யா!"

"நீங்கதானுங்களே கேட்டீங்க..."

இப்படி ஒருத்தனை என்ன சொல்லித் திட்டுவது? ஆனால் திட்டுவதற்கு விஷயம் குறைவில்லை. மஞ்சள் மூடி கேட்டால் பச்சை வரும். குடோனில் பெண்கள் பழுத்தது, பழுக்காதது என்று மாங்காயைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, முதலாளி மகன் பக்கத்தில் போவதே இல்லை. போனாலும் கண்ணால் பார்க்கமாட்டான். ஒன்றை எடுத்து அமுக்குவான், முகர்வான், வைத்துவிட்டு நழுவிவிடுவான். ஆறுச்சாமி கத்துவார். "எருமை மாதிரி நிக்கறான் பாரு! செங்காய் எது, பச்சைக்காய் எதுன்னு ஒரு கவனம் இருக்குதா இவனுக்கு?" அவன் பதிலே சொல்லமாட்டான். அந்த மௌனம் அவளுக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது. சோம்பேறி, பணக்கார வீட்டுப் பிள்ளை... என்று நினைத்துக்கொள்வாள்.

நினைத்துக்கொண்டே, மதியம் அவன் வர நேரமானால் வாசலைப் பார்ப்பாள். அவன் கண்கள் அழகு. கருகருவென்று, இமை நீண்டு, எதைப் பார்த்தாலும் ஒரு கணம் அதிகமாக நின்று பார்க்கும் கண்கள். தன்னைப் பார்க்கும்போது மட்டும் சட்டென்று தாழ்ந்துவிடுகிறதே... ஏன்?

புதிய கன்னிப் பெண்கள் தேறினார்கள். சிவப்புக் கண் ஆண்களோடு சேர்த்துவிட்டாள். முட்டை விழுந்தது, புழு நெளிந்தது. ஒரு நாள் காலை, பாட்டிலின் சுவர்களில் கூட்டுப்புழுக்கள் கறுத்து நின்றன.

"நாளைக்கு மறுநாள் வெளிய வந்துரும்" என்றாள். சந்தோஷத்தில் அன்று எல்லோரையும் கூப்பிட்டு, பழைய பாட்டில் ஒன்றிலிருந்து இரண்டு ஈக்களை மயக்கி நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். ஒன்று சிவப்புக் கண், ஒன்று பழுப்புக் கண். பொன்னாத்தாள் பார்த்து, "அடி ஆத்தா... மாணிக்கக் கல்லாட்ட இருக்குது!" என்றார். ஆறுச்சாமி பார்த்துவிட்டு, "ஒண்ணு குங்குமம், ஒண்ணு காப்பித்தூளு. ஏம்மிணி, இத்துனூண்டு சீவனுக்கு எதுக்கு இத்தனை பெரிய கண்ணு?" என்று வியந்தார்.

"நீங்க பாருங்க" என்று கோகுல்நாத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வேலை இருக்குதுங்க."

"ஒரு நிமிசம் பாக்க என்ன வேலை? உங்களாலதானே இந்தப் பாடு பட்டேன்... பாருங்க!"

தயங்கித் தயங்கிக் குனிந்தான். "நல்லாருக்குதுங்க."

"இடது பக்கம் இருக்கிறது என்ன நிறம்?"

"...பழுப்புங்க."

"வலது பக்கம்?"

மறுபடி குனிந்து பார்த்தான். "அதுவும்... பழுப்புதானுங்களே?"

சிவசங்கரி நிமிர்ந்தாள். பேருந்து... சிவப்பு மூடி... மஞ்சள் கேட்டால் பச்சை... அமுக்கிப் பார்க்கிற மாங்காய்... எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? கண்டுபிடித்த சந்தோஷத்தில், யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கைதட்டிவிட்டாள்.

"உங்களுக்குச் சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாதுல்ல! கவனக்குறைவு இல்ல ஐயா, இவருக்குக் கண்ணுலயே அது கிடையாது! பொறவியிலயே வர்றது. என் ஈக்கு வந்தது மாதிரியேதான்... அம்மாகிட்டருந்து மகனுக்கு வரும்!"



ஆறுச்சாமி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப... உங்க ஊட்டு வழியா வந்த குறையா இது? என்ர வம்சத்துல எவனுக்கும் இல்லாதது, உன்னாலதான் வந்துதா?"

பொன்னாத்தாளின் முகம் செத்துப்போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே வெளியே போய்விட்டார்.

சிவசங்கரிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. "ஐயா, நான் அப்படிச் சொல்ல வரல..."

"போதுமுங்க." கோகுல்நாத்தின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்கள், முதல் முறையாகத் தாழாமல் அவளை நேராகப் பார்த்தன. "நான் உங்க பாட்டில்ல இருக்கற ஈ இல்லீங்க. எங்கம்மாவும் இல்லீங்க. பொட்டியைக் கட்டுங்க. ஜீப்புல கொண்டுபோய்க் காலேஜ்ல விட்டுடறேன்."

கல்லூரி வாசலில் ஜீப்பை நிறுத்தினான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

நல்லவேளை, குளிர்பெட்டி அந்த வாரமே ஓடத் தொடங்கியது. புது ஈக்கள் கூட்டை உடைத்துக்கொண்டு வந்தன. சிவசங்கரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பெண் பிள்ளைகள் அத்தனைக்கும் சிவப்புக் கண். ஆண் பிள்ளைகள் அத்தனைக்கும் அம்மாவின் பழுப்புக் கண். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் நினைத்தது சரி!

"எந்தொரு பாக்கியம்!" என்று மலையாளத்தில் கூவி, ஷீனா டீச்சர் கட்டிக்கொண்டார். ஊரில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த அம்மா சின்னத்தாயிக்குப் போன் போட்டுச் சொன்னாள். "ஈக்கு என்ன கண்ணா இருந்தா என்னடி, நீ நேரத்துக்குச் சாப்புட்டியா?" என்றாள் அம்மா.

எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சொல்லவேண்டிய ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். நான் ஏன் பேசணும்? உண்மையைத்தானே சொன்னேன்... என்று தன்னோடு தானே வாதாடுவாள். உடனே பொன்னாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு போனது நினைவுக்கு வரும். ச்சே! ஈயை இத்தனை பூப்போலத் தூக்கத் தெரிந்தவளுக்கு, மனுசங்களைத் தூக்கத் தெரியவில்லையே... அறிவிருக்காடி உனக்கு?

மறுநாள் விடுமுறை. முதலமடை பேருந்தில் ஏறிவிட்டாள்.

குடோன் வாசலில் ஆறுச்சாமிதான் உட்கார்ந்திருந்தார். "என்ன அம்மிணி, இன்னும் ஏதாச்சும் கண்டுபுடிக்கறது பாக்கியிருக்குதா?"

"அம்மாவைப் பாக்கணும் ஐயா. நீங்களும் வாங்க."

பொன்னாத்தாள் அடுக்களையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவசங்கரி போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அரைகுறையாச் சொல்லிட்டேம்மா. அது என் தப்பு. முழுசாக் கேளுங்க. நிறம் தெரியறதுக்கு உடம்புக்குள்ள ஒரு விதை மாதிரி ஒண்ணு இருக்கு. பொம்பளைக்கு அது ரெண்டு. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு தாங்கிக்கும். அதனால உங்களுக்கு எல்லா நிறமும் தெரியுது. உங்களுக்குள்ள அப்படி ஒண்ணு இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. ஆம்பளைப் பிள்ளைக்கு ஒண்ணே ஒண்ணுதான். அது அம்மா குடுக்கிறது. ரெண்டுல எதைக் குடுக்கணும்னு எந்த அம்மாவும் பாத்துக் குடுக்க முடியாது. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிதான். உங்களுக்கு யாரு குடுத்தாகளோ, அவுகளும் தெரிஞ்சு குடுக்கல. இதுல குத்தம்னு யாரைச் சொல்ல?"

பொன்னாத்தாள் மெல்லத் திரும்பினார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கப்பனுக்கு இருந்துது சாமி" என்றார். "மொளகாய்ச் செடியில பழுத்ததைப் பறிக்கச் சொன்னா, பச்சையும் சேத்துப் பறிச்சுட்டு வருவாரு. கிறுக்கருன்னு நாங்க எல்லாம் கூடிச் சிரிப்பம். பாவம் மனுசன்... அவருக்கே தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டவர், நிலைப்படியில் நின்ற கணவரைப் பார்த்து நிமிர்ந்தார். குரல் மாறியது. "பள்ளிக்கூடம் போற வயசுலருந்து எம் பையனை எருமைங்கறீங்க, கவனமில்லாதவன்ங்கறீங்க. எங்கப்பனைப் பாத்து நாங்க சிரிச்சதுக்கும் நீங்க திட்டுனதுக்கும் சேத்து, அவன்தான் வாயை மூடிக்கிட்டுச் சுமந்திருக்கறான். இனி ஒரு சொல்லு சொல்லுங்க பாக்கலாம்!"

ஆறுச்சாமி மீசையைத் தடவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "லோடு ஏத்தறப்போ இனி நானே நின்னு பாத்துக்கறேன். அவன் கணக்கும் வண்டியும் பாக்கட்டும்" என்று முனகிவிட்டு நடந்தார். நாலடி போய்த் திரும்பினார். "அவன் மேலத் தோப்புல இருக்கறான் அம்மிணி. மழை வர்றாப்பல இருக்குது. வெரசாப் போ."

தோப்புக்குப் பின்னால் நின்ற தென்மலையின் மேலே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. மாந்தோப்புக்குள் கால் வைத்ததும் முதல் துளி விழுந்தது... பிறகு சடசடவென்று கோடை மழை. இலைகள் சலசலத்தன, மண் மணத்தது. தோப்பு நடுவில் மோட்டார் அறையின் தகரக் கூரைக்குக் கீழே அவன் நின்றிருந்தான். துப்பட்டாவைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவளைப் பார்த்ததும், நகர்ந்து இடம் விட்டான்.

"ஆண் பிள்ளை எல்லாத்துக்கும் பழுப்புக் கண்ணு" என்றாள் மூச்சிரைக்க. வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

அவன் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது. "அத்தனைக்குமா?"

"அத்தனைக்கும்." தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாகிட்டப் பேசிட்டேன். ஐயாகிட்டயும். உங்ககிட்டத்தான்... எப்படிக் கேக்கன்னு தெரியல. மன்னிச்சிருங்க. கைதட்டுனேன் பாருங்க... அதை நெனச்சா இப்பவும் நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு."

மழை தகரத்தில் கொட்டியது. அவன் மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு முன்னமே தெரியுமுங்க. ரயில் ஓட்டோணும்னு சின்னதுலருந்து ஆசை. பரீட்சை எழுதிப் பாசும் ஆனேன். பொறவு ஒரு புஸ்தகத்தைக் காட்டி, புள்ளிக்குள்ள என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டாங்க. எனக்கு வெறும் புள்ளிதானுங்க தெரிஞ்சுது. ஊட்ல பரீட்சைல தோத்துட்டேன்னு சொன்னேன். தோத்தது கண்ணுலதானுங்க."

"என்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல? பஸ்ல அத்தனை திட்டுனேன்... ஒரு வார்த்தை சொல்லிருந்தா?"

"கன்னிப் பொண்ணைக் காப்பாத்தத் தெரியாதவன்னு பஸ் முழுக்கப் பாத்துட்டு இருந்துதுங்க. அதுக்கு மேல கண்ணும் தெரியாதவன்னு எப்படிங்க சொல்றது?"

சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சாரல் முகத்தில் அடித்தது. அவன் எதையும் பார்க்கிற மாதிரி, ஒரு கணம் அதிகமாக நின்று, அவளைப் பார்த்தான்.

"ஒரு சந்தேகமுங்க."

"ம்."

"எனக்குப் பொறக்கற பையனுக்கும் இது வருமுங்களா?"

சந்தேகம் என்றதும் சிவசங்கரிக்குள் இருந்த விலங்கியல் மாணவி விழித்துக்கொண்டாள். "உங்ககிட்டருந்து பையனுக்கு இது போகவே போகாது. பொண்ணு பொறந்தா அவகிட்டப் போகும். ஆனா அவ கண்ணு நல்லாத் தெரியும், சும்மா சுமப்பா, அவ்வளவுதான். பையனைப் பொறுத்தவரைக்கும் அம்மா யாருங்கிறதுதான் முக்கியம். அந்த அம்மா வீட்டுப் பக்கம் இது இருக்கான்னு பாக்கணும்."

"அப்பிடிங்களா..." அவன் மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "உங்க ஊட்டுப் பக்கம் யாருக்காச்சும் இருக்குதுங்களா?"

"எங்க வீட்டுலயா? இல்லியே. எங்க தாத்தாவுக்கு இல்ல, மாமனுக்கு இல்ல, அண்ணனுக்கும்..."

நின்றாள்.

காதுமடல் வரை சூடேறியது. பக்கத்தில் நிற்கிறவன் திரும்பாமல், தோப்பையே வெறித்துக்கொண்டு நிற்கிறான். அவன் காதும் சிவந்திருக்கிறது... அது அவனுக்கே தெரியாது.

"ஏன்யா..." என்றாள் கடைசியில். எரிச்சலாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது. "ஒரு பொண்ணுகிட்ட இப்படியாய்யா கேப்பாக? தாத்தனுக்குக் கண்ணு தெரியுமா, மாமனுக்குக் கண்ணு தெரியுமான்னு? நேராச் சொல்லத் தெரியாதா?"

"தெரியலீங்களே..."

"பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

"பிடிச்சிருக்குதுங்க."

"யாரை?"

அவன் திரும்பினான். அந்தக் கருகரு கண்கள் இந்த முறை தாழவில்லை. "உங்களைத்தானுங்க. பஸ்ல கத்துனீங்களே... அப்பவே."

சிவசங்கரி வாயைத் திறந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. மழை இன்னும் வலுத்தது.

"நான் என்ன சொன்னேன்னு கேட்டுச்சா?"

"இல்லீங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"காதும் கேக்காதா உங்களுக்கு?" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து, குதிகாலை உயர்த்தி, அந்தக் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள். "எனக்கும்தான்யா... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."